பின்பகுதியின் குறுக்களவு

ஜனவரி 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவும் நானும் சுகம். குட்டிக்கு இருமல் நின்றுவிட்டது. புது வேலை, புது அறை, புதுத் தண்ணீர் எல்லாம் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? போனில் கேட்கலாம்தான். ஆனால் போனில் நீ "ம்... சொல்லுங்க... அப்புறம்?" என்று மூன்று வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது பார். எனக்கும் பொழுது போகிறது. கிடங்கு வாசலில் லோடு ஏற்றக் காத்திருக்கிறேன். எனக்கு முன்னால் பதினோரு வண்டி.

நீ நிமிர்த்திக் கொடுத்த நம் லாரி பட்டறையிலிருந்து வந்து நான்கு வாரம் ஆகிறது. நவம்பரில், சாலை வேலை நடக்கிற இடத்தில் அந்தக் கான்கிரீட் கட்டை மேல் நான் ஏற்றி, வண்டியின் அடிவயிறு கிழிந்து, அடிச்சட்டமான சேசிஸ் வளைந்து நின்றபோது, "இது இனி பழைய இரும்புக் கடைக்குத்தான்" என்று சொன்னவர்கள் இப்போது வாயைத் திறப்பதில்லை. நீ புது வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் எழுதிக் கொடுத்தாயே அளவுக் காகிதம், அதற்குக் கண்ணாடித் தாள் போட்டு ஸ்டியரிங்குக்கு மேலே மாட்டியிருக்கிறேன். "பின்பகுதி குறுக்களவு வித்தியாசம் 2 மி.மீ. பத்து வருடத்துக்கு அடியில் பார்க்கத் தேவையில்லை." கீழே உன் கையெழுத்து. டீக்கடையில் ஒருவன் ஏறிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, டாக்டர் சீட்டு மாதிரி இருக்கு?" என்றான். "டாக்டர்தான்டா. என் மச்சான்" என்றேன்.

ஒரே ஒரு சின்ன விஷயம். வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கிறது. புது டயர் பழகும்வரை அப்படித்தான் இருக்குமா? அவசரமில்லை, நேரம் கிடைக்கும்போது எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தான்


ஜனவரி 27

அத்தானுக்கு,

நான் நலம். நீங்கள் நலம் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

ஒரு பக்கம் இழுப்பதற்குக் காரணங்கள் உண்டு. எல்லா டயரிலும் காற்று ஒரே அளவா? லோடை ஒரு பக்கமாக ஏற்றுகிறார்களா? பிரேக் எங்காவது பிடித்துக்கொண்டிருக்கிறதா? வரிசையாகப் பாருங்கள். டயர் "பழகும்" என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. டயர் நாய்க்குட்டி இல்லை.

இங்கே தொழிற்சாலையில் புது லாரிகளின் சேசிஸை அளந்து பார்க்கிற பிரிவில் போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க அளவுதான். ஒரு அறையில் மூன்று பேர் தங்கியிருக்கிறோம். என் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து வைத்திருக்கிறேன், நிற்கிறது.

அந்தக் காகிதத்தை மாட்டி வைக்கத் தேவையில்லை. வெயிலில் எழுத்து அழிந்துவிடும். கழற்றி வீட்டில் வையுங்கள்.

அக்காவையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லோரும் சுகம். நீ சொன்ன எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். காற்று சரி. பிரேக் சரி. லோடை நானே நின்று இரண்டு பக்கமும் சமமாக ஏற்றினேன். சுமை தூக்குகிறவர்கள், "இவரு என்ன, தராசா லாரியா?" என்று கேலி செய்தார்கள். இழுப்பு நிற்கவில்லை.

போன வாரம் சிமெண்ட் லோடு ஓட்டுகிற நெட்டையன் எனக்குப் பின்னால் வந்தான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வந்து, "அண்ணே, உங்க வண்டி ரோட்டுல போகுதா, ரோட்டைக் கடக்குதா? முன் சக்கரம் ஒரு வழி, பின் சக்கரம் ஒரு வழி. நாய் ஓடுற மாதிரி கோணலா ஓடுது!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின் டயர் ஒரு ஓரமாக ரம்பப் பல் போலத் தேய்ந்திருக்கிறது.

காகிதத்தைக் காட்டினேன். நெட்டையன் படித்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா அளந்திருக்காரே, அப்ப வண்டியில ஒண்ணும் இல்ல. ஓட்டுற ஆளைத்தான் பட்டறையில விடணும்" என்றான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். இருந்தாலும் கேட்கிறேன். நான் பிடிக்கிற விதத்தில் ஏதாவது கோளாறு இருக்குமா? இருபத்தொரு வருடமாக ஓட்டுகிறவன் இதைக் கேட்கக் கூடாதுதான். உன்னிடம் கேட்பதில் என்ன வெட்கம்?

உன் அத்தான்


மார்ச் 3

அத்தானுக்கு,

நலம்.

பெரிய விபத்துக்குப் பிறகு ஓட்டுநர்களுக்குக் கைபயம் வரும். தங்களுக்கே தெரியாமல் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாகப் பிடிப்பார்கள். பிறகு வண்டி இழுக்கிறது என்பார்கள். வண்டியின் அளவு காகிதத்தில் இருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர் என்றால் சேசிஸ் நேராக இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நான் என்ன சொல்வது? இதையே ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டால் நானும் இதையேதான் எழுத வேண்டியிருக்கும்.

வேலை அதிகம். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

பின் குறுக்குச் சட்டம் சேசிஸோடு சேருகிற மூலையில் சாயம் எங்காவது வெடித்திருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 9

தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் அத்தானிடமிருந்து கடிதம் வரவில்லையே என்று நீயும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அவருக்கு என்னடா எழுதினாய்? கேட்டால், "மாப்பிள்ளை சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்கிறார், கடிதத்தைக் காட்ட மாட்டேன் என்கிறார். மார்ச்சில் கண் டாக்டரிடம் போனார். கண்ணில் ஒன்றுமில்லை என்றார்கள். நம்பாமல் இன்னொரு டாக்டரிடம் போனார். அவரும் அதையே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கிடங்குக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் நேர்க்கோடு போட்டு, அதன் மேலேயே வண்டியை ஓட்டிப் பழகுகிறார். நேற்றுத்தான் லைசென்ஸ் வாங்கினவன் மாதிரி! குட்டி கோட்டுக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, மறுபடியும் அவுட்!" என்று கத்துகிறாள். அவர் மறுபடியும் பின்னால் எடுத்துக்கொண்டு போகிறார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

தினமும் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ தேடுகிறார். நீ கேட்ட இடத்தில் வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதச் சொன்னார்.

கிடங்கில் வாசல் காவலுக்கு ஆள் கேட்டார்களாம். "போகட்டுமா?" என்று என்னிடம் கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்? நீ படித்தவன். அவர் உன் பேச்சைத்தான் கேட்பார்.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

நான் நலம். நீ கவலைப்படாதே.

காவல் வேலைக்கெல்லாம் போக வேண்டாம் என்று சொல். அவர் ஓட்டுவதில் தப்பு இருக்காது. ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே. நீயாகச் சொல்வது போலச் சொல். லோடைக் குறைக்கச் சொல். மேடு பள்ளமான வழியில் போக வேண்டாம் என்று சொல். ஏன் என்று கேட்டால் டயருக்காக என்று சொல்.

இங்கே நேற்று ஒரு சேசிஸின் அளவுத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மூன்று தடவை அளந்தேன். மேற்பார்வையாளர், "என்ன தம்பி, டேப் தேயப் போகுது" என்றார். வேறு ஒன்றுமில்லை.

தம்பி


மே 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம்தானே? உனக்கு எழுதி நெடுநாள் ஆகிவிட்டது. எழுத முகம் இல்லாமல்தான் எழுதவில்லை. இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிறு ஒரு கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கி வந்தேன். பட்டறையில் நீ செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்தானே. கிடங்கின் சிமெண்ட் தரையில் வண்டியை நிறுத்தி, பின்பகுதியில் நீ தொங்கவிட்ட அதே நான்கு துளைகளிலிருந்து குண்டைத் தொங்கவிட்டேன். குண்டு நின்ற இடத்திலெல்லாம் உன் அக்கா சாக்பீஸால் புள்ளி வைத்தாள். வண்டியை நகர்த்திவிட்டு எதிர்எதிர் மூலைகளை டேப்பால் அளந்தோம். சேசிஸ் நேராக இருந்தால் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கும் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. ஒன்றாக இல்லை. பதினான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். உன் அக்கா, "டேப்பைச் சரியாப் பிடிங்க" என்றாள். மறுபடி அளந்தோம். பதினான்கு.

நீ இரண்டில் கொடுத்த வண்டி. நான்கரை மாதத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர் கெடுத்திருக்கிறேன். எந்தப் பள்ளத்தில், எந்தத் திருப்பத்தில் என்றுகூடத் தெரியவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. ஏற்றி இறக்கியது தெரியாமலே ஒருவன் சேசிஸைக் கோணலாக்குவானா? ஆக்கியிருக்கிறேன். கட்டை மேல் ஏற்றியது ஒரு தடவை, இது இரண்டாவது. மூன்றாவது தடவை எதிரே யாராவது வந்துகொண்டிருப்பார்கள். நீ கைபயம் என்று எழுதியபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது புரிகிறது.

வண்டியை நெட்டையனுக்குக் கொடுத்துவிடப் போகிறேன். ஜூன் முதல் வாரம் எடுத்துக்கொள்கிறான். அவன் தம்பி ஓட்டுவானாம். என்னால் கோணலாகிவிட்டது என்று ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். "பட்டறையில விட்டு இழுத்து நிமிர்த்திக்கிறேன் அண்ணே, வேலை உங்க மச்சான் வேலை, அது போதும்" என்கிறான். நீ அவனுக்கு ஒரு வரி எழுதிக் கொடு. உன் வேலை சரியாக இருந்தது, பிறகு கெட்டது ஓட்டுநரால் என்று. உன் பெயரில் ஒரு சொல் வரக் கூடாது. அதுதான் எனக்கு வேண்டியது.

உன் அத்தான்


மே 19

அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். நலமா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

நான் அளந்த அன்றைக்கும் பதினான்குதான்.

நீங்கள் ஒரு மில்லிமீட்டர்கூடக் கெடுக்கவில்லை. அளந்ததும், நீங்கள் அந்தப் பக்கம் நகர்ந்தபோது, பட்டறை வெல்டர் அண்ணன், "தம்பி, பதினாலு இருக்கே, இன்னொரு தரம் இழுத்துடலாமா?" என்று கேட்டார். இழுக்க வேண்டுமானால் மேல் பாடியைக் கழற்ற வேண்டும். இரண்டு நாள் வேலை. எனக்கு அன்று மாலை பேருந்து, மறுநாள் வேலையில் சேர வேண்டும். "ஓடினா தானாச் சரியா உட்கார்ந்துடும், விடுங்க" என்றேன். உட்காராது என்று எனக்குத் தெரியும். காகிதத்தில் இரண்டு என்று எழுதினேன். பத்து வருடம் என்று யாரும் கேட்கவே இல்லை. எண் பொய் என்பதால் அதற்குக் கீழே ஒரு வாக்கியம் பலமாக இருக்கட்டும் என்று எழுதியது அது.

வண்டி இடது பக்கம் இழுப்பது, கோணலாக ஓடுவது, டயர் ரம்பம் போலத் தேய்வது எல்லாம் அந்தப் பதினான்கினால்தான். ஜனவரியில் உங்கள் முதல் கடிதத்தைப் படித்தபோதே தெரியும். டயர் நாய்க்குட்டி இல்லை என்று உங்களுக்கே பாடம் எடுத்தேன்.

இன்னொன்று. இடது சட்டத்தின் வளைவு ஜாக்கிக்கு அசையவில்லை. இரண்டு இடத்தில் கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி இழுத்தேன். இந்த இரும்பைக் காய்ச்சக் கூடாது, காய்ச்சினால் பலம் போய்விடும். படித்த முதல் வருடமே சொல்லிக்கொடுத்தார்கள். அதனால் நெட்டையன் நினைப்பது போல இன்னொரு தரம் இழுத்துச் சரிசெய்ய முடியாது. சட்டத்தின் பின்பாதியையே மாற்ற வேண்டும். அதுவரை லோடு ஏற்றாதீர்கள். காலி வண்டியாகவும் ஓட்டாதீர்கள். நெட்டையன் தம்பியிடம் சாவி போகக் கூடாது. நெட்டையனுக்கும் தனியாக உண்மையை எழுதி அனுப்பிவிட்டேன்.

கைபயம் என்று எழுதினேன். உங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எனக்குத்தான் பயம், நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால். மூன்று வருடம் உங்கள் வீட்டு முன்னறையில் தங்கிப் படித்தவன் உங்களைச் சுண்ணாம்புக் கோட்டில் ஓட வைத்திருக்கிறேன்.

என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். எழுதுங்கள்.


ஜூன் 9

அக்காவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. போன் செய்தால் குட்டி எடுத்து, "அப்பா இல்லைன்னு சொல்லச் சொன்னார்" என்கிறாள். நெட்டையன் மட்டும் இரண்டு வரி எழுதியிருந்தார். வண்டியை வாங்கவில்லை என்று ஒரு வரி. இன்னொரு வரியை உனக்கு எழுத முடியாது, அது எனக்கு வேண்டியதுதான்.

அத்தான் எப்படி இருக்கிறார் என்று மட்டும் எழுது.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் அக்கா உனக்கு எழுத மாட்டேன் என்கிறாள். கைபயம் என்று நீ எழுதிய கடிதத்தை அவள் படித்துவிட்டாள். அவளுக்கு நீ தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் நடுவில் வர மாட்டேன்.

உன் மே மாதக் கடிதத்தைப் படித்த அன்று வண்டிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினேன். கிடங்குக் காவல் வேலைக்கு வரவில்லை என்று சொன்னேன். நெட்டையனுக்குக் காலில் சுளுக்கு, நாலு நாள் அவன் லாரியை ஓட்டித் தரச் சொன்னான். ஏறி உட்கார்ந்து உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். ஊர் எல்லை தாண்டி நீளமான நேர்ச் சாலை வந்தது. ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்தேன். நேராகப் போனது. ஒரு விரலை எடுத்தேன். அப்போதும் நேராகப் போனது. ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்து, "என்னண்ணே, வண்டி கெட்டுப் போச்சா?" என்று கேட்டான். "வண்டியும் நல்லாருக்கு, நானும் நல்லாருக்கேன், நீ போ" என்றேன்.

பதினான்கு மில்லிமீட்டரை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. வயசு, அவசரம், புது வேலை. ஆனால் பிப்ரவரியில், "என் கையில கோளாறா?" என்று உன்னிடம் கேட்டேன். நீ ஆமாம் என்றாய். அதைத்தான் விழுங்க முடியவில்லை. எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியாது. பொய் சொல்ல விரும்பாததால் சொல்கிறேன்.

வண்டியை வேறு பட்டறையில் விட்டிருக்கிறேன். அங்கே இருக்கிற மூத்த ஃபிட்டர் சாயத்தைச் சுரண்டிப் பார்த்தார். பின்பாதியை மாற்றலாம், மாற்றினால் ஓடும், ஆனால் பழைய லோடு இனி ஏற்றக் கூடாது என்கிறார். நீ சொன்ன இரண்டு இடமும் கறுத்து, நிறம் மாறி இருந்தது. வெடிப்பு அங்கே இல்லை. ஸ்பிரிங் தாங்கிக்கு மேலே, நீ எழுதாத இடத்தில் இருந்தது. நகம் நுழைகிற அளவு. "இங்கயும் யாரோ காய்ச்சியிருக்காங்க, தேய்ச்சு மறைச்சிருக்காங்க. கேட்டுச் சொல்லுங்க, தெரிஞ்சாத்தான் எதுவரைக்கும் வெட்டணும்னு முடிவு பண்ண முடியும்" என்றார்.

கேட்கிறேன். அது என்ன?

அத்தான்


ஜூலை 7

அத்தானுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததே எனக்குப் போதும். ஃபிட்டருக்குக் காட்ட வேண்டியதை முதலில் எழுதுகிறேன்.

இடது ஸ்பிரிங் தாங்கிக்கு மேலே மூன்றாவது இடம். இறுகிப்போன ஒரு ரிவிட் ஆணியைக் கழற்றுவதற்காகக் காய்ச்சினேன். ஏறக்குறைய பத்து நிமிடம். சட்டம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்தது. ரிவிட் வரும்போது துளையின் ஓரம் கிழிந்தது. வெல்டிங் வைத்து நிரப்பி, தேய்த்து மட்டமாக்கி, கருப்புச் சாயம் அடித்தேன். வெட்டும்போது அந்த இடத்திலிருந்து முன்பக்கமாக ஒரு முழமாவது தள்ளி வெட்டச் சொல்லுங்கள். இது வெல்டர் அண்ணனுக்குத் தெரியாது. அவர் வெளியே போயிருந்தபோது நான் மட்டும் செய்தது.

மே மாதம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாக உங்களை நினைக்க வைத்துவிட்டு இதை மட்டும் விட்டேன். வெளியே தெரியாது என்று கணக்குப் போட்டேன். மன்னிப்புக் கேட்கிற கடிதத்திலும் கொஞ்சம் நல்லவனாகத் தெரிய வேண்டியிருந்தது எனக்கு.

இதை நான் செய்தபோது நீங்கள் எங்களுக்கு டீ வாங்கப் போயிருந்தீர்கள். திரும்பி வந்து, ஒரு கையில் தூக்குப் பாத்திரத்தோடு குனிந்து பார்த்தீர்கள். சாயம் காயவில்லை. "இங்க என்னடா புதுசா அடிச்சிருக்கே?" என்று கேட்டீர்கள். "இதெல்லாம் உங்களுக்குப் புரியாது அத்தான்" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே எனக்கு டீ ஊற்றினீர்கள்.

உங்களுக்குப் புரிந்துவிடும் என்று பயந்துதான் அப்படிச் சொன்னேன்.

ஃபிட்டர் வேறு ஏதாவது இடத்தைக் காட்டினால் என்னைக் கேளுங்கள். அக்காவுக்குத் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடியவில்லை. குட்டியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை